அக்டோபரில் எவ்வளவு இரை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நண்பர்கள் நாலு பேர் பெட்ஃபர்டுக்குப் பக்கத்தில் கிரேட் ஊஸ் ஆற்றுக்குப் போனோம். காலையில் மூட்டம், வெதுவெதுப்பான தென்மேற்குக் காற்று. 11 மணி வரைக்கும் ரோச் மீன் ஓயாமல் வந்தது. பிறகு ஒரு மழை. மழை விட்டதும் வானம் வெளித்து, காற்று வடமேற்குக்குத் திரும்பி ஆற்றின் போக்கிலேயே வீசத் தொடங்கியது. அதோடு கடி நின்றுவிட்டது. ஆளுக்கு 2 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) புழுவும், மீனை ஈர்க்க ஆற்றில் போடும் இரைத்தூளான கிரவுண்ட்பெய்ட் 1 கிலோவும் கொண்டுபோயிருந்தோம். மீனைத் திரும்ப இழுக்க எல்லாவற்றையும் போட்டோம். சோளம், பாண், லஞ்சன் மீட் என்று இரையை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எங்களோடு பார்க்க மட்டும் வந்த இன்னொரு நண்பர் தூண்டிலை வாங்கிப் போட்டதில் ஒரே ஒரு பெர்ச் மீன் கிடைத்தது. அதுவும் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டது. நாலரைக்கு, பிடித்த மீனை நீருக்குள் உயிரோடு வைத்திருந்த கீப்நெட் வலையைத் தூக்கி எல்லா மீனோடும் படம் எடுத்து, விட்டுவிட்டு வந்தோம்.

என் கேள்வி: இலையுதிர்காலத்தில் வானிலை மாறும்போது எந்த இரைக்கு மாற வேண்டும்? காற்றழுத்தமானி வாங்கலாமா? சிவப்புப் புழு நல்லதா? இரையாகத் தூவும் ஹெம்ப் விதையை எப்படித் தயார் செய்வது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்த இரைக்கும் மாற வேண்டாம். காலையில் ரோச் எடுத்த அதே ஒற்றைப் புழுவைத்தான் மாலையிலும் எடுத்திருக்கும். அழுத்தமானிக்குக் கொடுக்கும் காசில் ஒரு நீர்வெப்பமானி வாங்குங்கள். சிவப்பா வெள்ளையா என்பதில் நேரம் செலவிடாதீர்கள்.

நாலு பேர் ஒரு நாளை ஒதுக்கி, மழையில் நனைந்து, கடி நின்ற பிறகும் மணிக்கணக்கில் கரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்காகவே விரிவாக எழுதுகிறேன். அக்டோபர் பிறந்தால் கரையோரம் எங்கும் நடக்கும் ஒரு தவறு சில வாரங்களாகவே மனதை அரித்துக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் அது முழு உருவத்தோடு இருக்கிறது. "மீனைத் திரும்ப இழுக்க எல்லாவற்றையும் போட்டோம்" என்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் மாலையைக் கெடுத்தது.

ரோச் மீனுக்குத் தனியாக உடற்சூடு கிடையாது. நீரின் வெப்பம்தான் அதன் வெப்பம். ஜூலையில் 18, 20 டிகிரியில் ஓடும் ஆறு அக்டோபர் நடுவில் 11, 12க்கு இறங்கியிருக்கும். அந்தக் குளிர்ச்சியில் செரிமானம் வெகுவாக மந்தமாகிறது. ஜூலையில் ஒரு ரோச் கூட்டம் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்ப்பதை அக்டோபரில் பாதி நாளானாலும் தீர்க்காது. உங்கள் கூட்டம் காலை முழுக்கத் தின்றிருக்கிறது. அதன் தலைமேல் 4 கிலோ தூளை உருண்டை பிடித்துப் போட்டது, பந்தி முடிந்து கைகழுவியவர் முன்னால் மறுபடி இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறியதற்குச் சமம். போட்ட இரையைத் திரும்ப எடுக்க முடியாது. ஆற்றின் அடியில் அவ்வளவு இரை கிடக்கும்போது முள்ளில் இருக்கும் ஒரு புழுவை மீன் எதற்காகத் தேடி வர வேண்டும்?

கடி நின்றால் முதலில் இரை தூவுவதை நிறுத்துங்கள். முழுசாக, 20 நிமிடம். தூண்டில் மட்டும் ஓடட்டும். அதற்குப் பிறகு தக்கையை விடும் ஒவ்வொரு முறையும் 5, 6 புழு. எண்ணிப் போடுங்கள். உண்டிவில்லின் பையில் அள்ளினால் 30, 40 வந்துவிடும், ஆகவே விரலால் எடுத்து வையுங்கள். நாலைந்து ஓட்டத்துக்குள் ஒரு கடி வந்தால் அதே அளவில் நில்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு மீன் வந்தால் 8, 10 என்று ஏற்றலாம். கடி வேகமாக வந்து, இழுத்தால் மீன் இல்லை என்றால், மீன் விழும் இரையைப் பிடிக்க நடுநீருக்கு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது ஒரு ஓட்டம் விட்டு ஒரு ஓட்டம் போடுங்கள். திரும்பி வரும் புழுவையும் பாருங்கள். சாறு உறிஞ்சப்பட்டுச் சப்பையாக வந்தால் மீன் அங்கேதான் இருக்கிறது, கடி உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நெளிந்துகொண்டே வந்தால் புழு மீனிடம் போய்ச் சேரவில்லை.

இந்தக் கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு பைண்ட் புழுவே மிஞ்சும். நாலு பேர் வரிசையாக உட்காரும்போது இன்னொன்றும் உண்டு. மேலே இருப்பவர் போடுவதெல்லாம் கீழே இருப்பவரின் இடத்துக்குத்தான் வருகிறது. கடைசியில் உட்கார்ந்தவர் ஒரு பிடி போடும்போது அவருடைய மீன் ஏற்கெனவே மூன்று பேரின் சாப்பாட்டில் பங்கு வாங்கியிருக்கிறது. ஆளுக்கு ஆள் 20 மீட்டராவது விடுங்கள். தூவும் அளவைக் காலையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கடைசி ஆள் எல்லோரிலும் குறைவாகப் போடட்டும். நண்பர்களோடு போகும் நாளில் இதைப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை, அவரவர் இடம் அவரவர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் மாலையில் நாலு பேரின் மீனும் சேர்ந்து நின்றுபோகும்.

எங்கே தூவுவது என்பதும் அளவைப் போலவே முக்கியம். கரையோரம் அடி தெரியும் இடத்தில் நாலு புழுவைப் போட்டு, ஒரு முழ ஆழம் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். உங்கள் இடத்தின் ஆழத்தோடு பெருக்கினால் அடியைத் தொடும் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் மிதக்கும் ஒரு இலை எவ்வளவு தூரம் போகிறதோ, கடி எதிர்பார்க்கும் இடத்துக்கு அவ்வளவு தூரம் மேலே தூவ வேண்டும். தக்கைக்கு நேர் எதிரே தூவுகிறவர்கள் மீனைக் கையோடு கீழே அனுப்பிவைக்கிறார்கள்.

கிரவுண்ட்பெய்ட் இல்லாமல் முடியாது என்றால், கறுப்புத் தூளாக வாங்குங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் ஊறவிட்டு, சல்லடையில் தேய்த்து எடுங்கள். எலுமிச்சை அளவில் ஒரு உருண்டை, ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. தண்ணீர் அதிகமானால் உருண்டை கரையாமல் அடியில் கட்டியாக உட்கார்ந்துவிடும்.

இனி காற்று. ஒரு பிற்பகல் குளிரில் ஊஸ் மாதிரி ஒரு ஆற்றின் நீர்வெப்பம் பெரிதாக இறங்கிவிடாது. காற்று சில்லிட்டது உங்கள் கன்னத்துக்கு, மீனுக்கு அது இன்னும் எட்டவில்லை. மாறியது இரண்டு. வானம் வெளித்ததில் தாழ்ந்த வெயில் நீருக்குள் பாய்ந்து, ரோச் ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கியிருக்கும். இரண்டாவது, தங்கூசி என்று சொல்லப்படும் நைலான் நரம்பு. காலையில் ஸ்டிக் தக்கை போட்டிருப்பீர்கள். அதில் நரம்பு தக்கையின் மேலும் கீழும் இரண்டு ரப்பர் வளையத்தில் பிடித்து, நீரின்மேல் மிதந்து வரும். காற்று ஆற்றின் போக்கில் வீசினால் அந்த நரம்பு தக்கையை முந்திக்கொண்டு வில்லாக வளைந்து, தக்கையைக் கரைப்பக்கம் சாய்த்து இழுக்கும். அடிநீரோ மேல்நீரைவிட மெதுவாக ஓடுகிறது. தூவிய புழு நிதானமாக வர, முள்ளில் இருக்கும் புழு மட்டும் விரைந்து ஓடினால் எந்த ரோச்சும் அதைத் தொடாது. அதற்குத்தான் நீங்கள் லஞ்சன் மீட்டைக் குத்தி மருந்து தேடினீர்கள்!

வேக்லருக்கு மாற வேண்டிய நேரம் அது. கீழ்முனை வளையத்தில் மட்டும் நரம்பு நுழையும் நீளத் தக்கை. 3 ஏ.ஏ.ஏ. அளவு (ஏ.ஏ.ஏ., பி.பி. என்பவை நரம்பில் கடித்துப் பூட்டும் எடைக்குண்டுகளின் அளவுப் பெயர்கள்) எடுத்தால் அது சுமார் 2.4 கிராம் தாங்கும். இரண்டு ஏ.ஏ.ஏ. குண்டும் ஒரு பி.பி. குண்டும் தக்கையின் இருபுறமும் கடித்துப் பூட்டினால் 2 கிராம் ஆயிற்று. மீதிக்கு 8ஆம் எண் குண்டு ஆறு: மூன்று நடுஆழத்தில், மற்றவை கீழே இடைவெளி விட்டு, கடைசிக் குண்டு முள்ளுக்கு ஒரு சாண் மேலே. மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் எறிந்து, கம்பின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, ரீலை வெடுக்கென்று இரண்டு சுற்று சுற்றினால் நரம்பு மூழ்கிவிடும், காற்றுக்குப் பிடி கிடைக்காது. புது நரம்பில் எண்ணெய்ப்பசை இருந்தால் மூழ்காது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து துணியால் துடைத்துவிடுங்கள். ஆழத்தை அளந்ததைவிட ஒரு சாண் கூட்டி வைத்தால் புழு அடியில் உரசி நிதானமாகப் போகும். ஆனால் அக்டோபரில் அடி முழுக்க இலை. முள் ஒவ்வொரு முறையும் மக்கிய இலையோடு திரும்பினால் 5 சென்டிமீட்டர் குறையுங்கள், மறுபடியும் வந்தால் இன்னொரு 5.

கொக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 அல்லது 20ஆம் எண், எதிர்க்கூர் (பார்ப்) இல்லாத முள், 0.10 மில்லிமீட்டர் நரம்பு.

இப்போது கொஞ்சம் கோபம். காலையில் பிடித்த ரோச்சை நாலரை மணி வரை வலையில் அடைத்து வைத்தீர்கள், ஒரு படத்துக்காக! நாலு பேரின் மீனும் ஒரே வலையில் இருந்ததாகத்தான் உங்கள் கடிதத்திலிருந்து படுகிறது. 2 மீட்டருக்கு மேல் நீளம், முடிச்சில்லாத கண், உள்சுற்றளவு 25 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளை, 40 சென்டிமீட்டருக்குள் வளையங்கள், ஒவ்வொரு வளையத்துக்கும் 120 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவு என்று விதியே இருக்கிறது. மீன் நெருக்கியடித்துச் செதில் உதிராமல் இருக்கத்தான் அது. செதில் போன இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நீங்கள் பார்த்தபோது நீந்திப் போன மீன் ஒரு வாரத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நினைத்தீர்களா? படம் வேண்டுமென்றால் நல்ல மீன் ஒன்றை, கையை நனைத்து, தரைக்குப் பக்கத்தில் குனிந்து பிடித்து எடுங்கள். அத்தோடு விட்டுவிடுங்கள்.

பார்க்க மட்டும் வந்த நண்பரிடம் ராட் லைசென்ஸ் (தூண்டில் போடும் உரிமம்) இருந்ததா? இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய யாரும் அது இல்லாமல் நன்னீரில் தூண்டில் போடக் கூடாது. ஐந்து நிமிடமாக இருந்தாலும் விதி அதேதான், அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். 16 வயது வரை அது இலவசம், ஆனாலும் எடுத்தாக வேண்டும். கரைக்கு உரிமையுள்ள சங்கத்தின் நாள் சீட்டு வேறு, இது வேறு.

அந்தப் பெர்ச் முள்ளை விழுங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. புதியவர் தக்கை முழுக்க மூழ்கிப் போகட்டும் என்று காத்திருந்திருப்பார். பெர்ச் விஷயத்தில் தக்கை அசைந்து நகரத் தொடங்கியதும் இழுக்க வேண்டும். விழுங்கிவிட்டால் விரலை விட்டுத் தோண்டாதீர்கள். நரம்பை இறுக்கிப் பிடித்து, முள்ளைக் கழற்றும் சிறு கருவியான டிஸ்கார்ஜரின் பிளவில் அதை நுழைத்து, முள்ளின் வளைவு வரை சறுக்கி இறக்குங்கள். மெல்லக் கீழே ஒரு அழுத்து, முள் விடுபட்டதும் நேராக வெளியே இழுங்கள். கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தால் நரம்பை வாயருகே வெட்டிவிட்டு மீனை விடுங்கள். ஆளுக்கொரு டிஸ்கார்ஜர் சட்டைப்பையில் இருக்கட்டும். பெட்டியின் அடியில் இருந்தால் தேடும் நேரத்தில் மீன் செத்துவிடும்.

நாலரைக்குக் கிளம்பியது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அக்டோபர் நடுவில் பெட்ஃபர்டில் சூரியன் மறைய ஆறு மணி தாண்டும். வெயில் தாழ்ந்து நீரில் ஒளி குறையும் கடைசி ஒரு மணி நேரத்தில், ஒதுங்கிய ரோச் திரும்ப மேயவரும். நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டீர்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது நாலரைக்குக் கிளம்பினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஹெம்ப் விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, தோல் வெடித்து உள்ளே வெள்ளை எட்டிப் பார்க்கும் வரை வேகவிடுங்கள். பாதி விதை வெடித்ததுமே இறக்கி மூடி வையுங்கள், மிச்சம் தன் சூட்டிலேயே வெடிக்கும். விட்டால் பருப்பு தோலைவிட்டுக் கழன்று குழைந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், விதை காயாமல் அதிலேயே கிடக்கட்டும். ஹெம்ப் தூவும் நாளில் நரம்பில் பரவலாகக் குண்டு கடிக்க வேண்டாம். விதையும் குண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ரோச் குண்டையே கவ்வும், தக்கை அசையும், இழுத்தால் ஒன்றும் வராது. குண்டுகளை நெருக்கி ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, அதற்குக் கீழே இரண்டு மட்டும் விடுங்கள். விதையிலும் ஒரு ஓட்டத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம்.