அந்த பங்க்கின் டேங்க் எங்கே போனது?

கேள்வி: எண்பதுகளில் என் ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்ட புரசைவாக்கம் பங்க்கை ரொம்ப நாள் கழித்துப் பார்க்கப் போனேன். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. மனசு கனத்துவிட்டது. 'பெட்ரோல் பங்க்குக்கெல்லாமா ஃபீல் பண்ணுவாங்க?' என்கிறான் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகர், அயனாவரம்

பதில்: தாராளமாக ஃபீல் பண்ணுங்கள் சார். உட்கார்ந்தபடியே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுப் பறக்கிற மகனுக்கு இது புரியாது. உங்கள் காலத்தில் பங்க் என்றால் இறங்கி நிற்க வேண்டும், பெட்ரோலோடு கலக்கிற 2டி ஆயிலை அளந்து ஊற்றிய பிறகு ஸ்கூட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் கலக்க வேண்டும், அதற்குள் பெட்ரோல் போடுகிறவர் 'பரீட்சை முடிஞ்சுதா தம்பி' என்று கேட்டிருப்பார். அந்தப் பேச்சு போனதற்கு மனசு கனக்கத்தான் செய்யும்.

ஆனால் அவ்வளவு நேரம் அங்கே நின்ற நீங்கள், தரைக்கு அடியில் இருந்த டேங்க் என்ன ஆயிற்று என்று யாரையும் கேட்கவில்லையே! காலையில் மூடியைத் திறந்து நீளமான குச்சியை விட்டு அளவு பார்ப்பார்களே, அந்த இரும்பு டேங்க்கைத்தான் சொல்கிறேன். பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற எண்ணெய் கம்பெனிகள் எல்லாம் 1974-76க்குள் அரசு கைக்கு வந்தபோது போர்டுகள் மாறின. போர்டை மாற்றினார்கள் என்பதற்காக மண்ணுக்குள் இருந்த டேங்க்கையும் மாற்றியிருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது. இரும்பு ஈரமண்ணில் துருப்பிடிக்கும், குழாய் இணைப்புகள் கசியும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, அதனால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் கரைந்து நீரோட்டத்தோடு பக்கத்து வீட்டு போர்வெல் வரைக்கும் போகும். பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. நீங்கள் போட்டதோ ஈயம் கலந்த பெட்ரோல், நாடு முழுக்க அது நின்றதே 2000இல்தான். மண்ணில் இறங்கிய ஈயம் லேசில் போகாது.

இது வீண் பயம் இல்லை. 2013இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, போர் தண்ணீரில் பெட்ரோலிய வாடை அடித்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது குழாய், இது டேங்க். மண்ணுக்குள் நடப்பது ஒன்றுதான்.

உங்கள் பங்க் கசிந்தது என்று நான் சொல்லவில்லை. முறையாகக் காலி செய்து, டேங்க்கைத் தோண்டி எடுத்து, மண்ணைப் பரிசோதித்துவிட்டுத்தான் கட்டினார்கள் என்றால் ரொம்ப நல்லது, அதற்கான காகிதம் பில்டரிடம் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பார்த்து, இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று சொல்லுங்கள், புதிதாகக் குடிவந்தவர்களில் பலருக்கு அதுவே தெரியாமல் இருக்கலாம். போர் தண்ணீரை டெஸ்ட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் பார்க்கிற உப்பும் கடினத்தன்மையும் போதாது. பென்சீன், ஈயம் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று லேபில் எழுதியே கொடுக்க வேண்டும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் அந்த போரை நிறுத்திவிட்டு, ரிப்போர்ட்டோடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.