விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேளுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கங்களிலிருந்து வந்த ஆடியோ கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: காதால் கேட்டுச் சொல்லும் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்? அதனால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

காட்பாடி வாசகர்: 38,000 ரூபாய்க்குப் புதிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். பழையதைவிடக் குரலில் தெளிவும் பேஸில் (தாழ்ந்த ஒலிகளில்) கனமும் கூடியிருப்பது நன்றாகவே கேட்கிறது. என் மைத்துனரோ, 'காசு போட்டதால் அப்படித் தோன்றுகிறது' என்கிறார். அவர் சொல்வது சரியா?

உங்களுக்குக் கேட்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆம்ப்பிலிருந்து வந்ததா, அதன் விலையும் எடையும் பளபளப்பும் உங்கள் மனத்தில் ஏற்றிவைத்த எதிர்பார்ப்பிலிருந்து வந்ததா என்பதை, இப்போது நீங்கள் கேட்கும் முறையில் பிரித்தறிய முடியாது. மைத்துனருக்கும் அது தெரியாது. அவரும் ஊகமாகத்தான் சொல்கிறார்.

காதில் விழுவது அப்படியே மனத்துக்குப் போவதில்லை. கண் பார்த்தது, ஏற்கெனவே தெரிந்தது, எதிர்பார்த்தது எல்லாம் கலந்த பிறகுதான் 'கேட்டது' என்று ஒன்று உருவாகிறது. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எளிமையாகக் காட்டினார்கள். ஒலியில் 'பா' என்று வைத்து, படத்தில் 'கா' என்று உதடு அசைவதைக் காட்டினால் பலருக்கு 'டா' என்று கேட்கிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விஷயம் தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கும். கண்ணை மூடினால்தான் 'பா' திரும்பி வரும். 'நான் நடுநிலையாகத்தான் கேட்கிறேன்' என்ற மன உறுதி இங்கே உதவாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஒலிக்கருவியிலேயே இதைச் சோதித்தவர்கள் ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள். 1994-இல் 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களைக் கொடுத்து, ஒரு முறை திரைக்குப் பின்னாலும் ஒரு முறை பார்வையிலும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஸ்பீக்கர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள். பார்வையில் வைத்தபோது, சிறியதும் விலை குறைந்ததுமான ஸ்பீக்கரின் மதிப்பெண் இறங்கியது. அதைவிட முக்கியமாக, ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்ததால் உண்டான நிஜமான ஒலி மாற்றத்தைக்கூடப் பார்த்துக் கேட்டவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. திரைக்குப் பின்னால் வைத்தபோது அதே ஆட்கள் அதைக் கவனித்தார்கள். முன்முடிவு, இல்லாததைக் கேட்க வைப்பதோடு நிற்பதில்லை. இருப்பதையும் கேட்கவிடாமல் செய்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஐயமும் உண்டு. இரண்டு ஆம்ப்பும் ஒரே அளவு சத்தத்தில் ஓடினவா? குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் மங்கிக் கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். சத்தம் ஏற ஏற பேஸ் முன்னே வரும். அரை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதல் என்றால் 'சத்தம் கூடிவிட்டது' என்று யாருக்கும் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது, கனமாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். நீங்கள் எழுதியிருக்கும் அதே இரண்டு சொற்கள். கடையில் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ராணிப்பேட்டை வாசகர்: இரண்டு ஆம்ப்பை வீட்டிலேயே முறையாக ஒப்பிட முடியுமா? என்னிடம் ஒரு மல்டிமீட்டர் மட்டும் இருக்கிறது. உதவிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தாராளமாக முடியும். மல்டிமீட்டரோடு ஒரு நல்ல சுவிட்சும் வேண்டும்.

முதலில் சுவிட்ச். இரண்டு ஆம்ப்பின் அவுட்புட்டையும் ஒரே ஸ்பீக்கரில் ஒன்றாக முறுக்கிக் கட்டிவிடாதீர்கள். ஒன்று மற்றொன்றின் அவுட்புட்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளும், டிரான்சிஸ்டர்கள் போய்விடும். நான்கு முனை, இரண்டு வழி கொண்ட 10 ஆம்பியர் சுவிட்ச் வாங்குங்கள். ஒரு பக்கத்தை விட்ட பிறகே மறுபக்கம் தொடும் வகையாக இருக்க வேண்டும். வலது, இடது இரண்டுக்கும் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதால்தான் நான்கு முனை. மைனஸ் எல்லாம் பொது என்று நினைத்து இணைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. இப்போது வரும் கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப்புகள் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் இருக்கும், இணைத்தால் எரியும். வால்வ் ஆம்ப்பாக (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல் உள்ளது) இருந்தால் இந்தச் சுவிட்ச் முறையே வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னலோடு ஓடினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பாழாகலாம்.

அடுத்தது சத்த அளவு. ஒரே பிளேயரிலிருந்து இரண்டு ஆம்ப்புக்கும் பிரித்துக் கொடுங்கள். டோன் கன்ட்ரோல் நடுவில், லவுட்னஸ் (பேஸைக் கூட்டும்) பொத்தான் அணைவில் இருக்கட்டும். 400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 400 அதிர்வு) டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பாருங்கள். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் சரியாகக் காட்டாது, அதனால்தான் 400. மீட்டரில் கொஞ்சம் பிழை இருந்தாலும் பாதகமில்லை, இரண்டையும் அதே மீட்டரால்தானே அளக்கிறோம். முதல் ஆம்ப்பில் 2.00 வோல்ட் வைத்தால், இரண்டாவது 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு சதவீத வோல்ட் வித்தியாசம் என்பது ஏறக்குறைய 0.1 டெசிபல். அதற்குள் இருந்தால் போதும். வலது, இடது இரண்டையும் தனித்தனியே பாருங்கள். படிப்படியாகத் தாவும் டிஜிட்டல் வால்யூம் உள்ள ஆம்ப்பை முதலில் நிறுத்திக்கொண்டு, திருகும் வால்யூம் உள்ளதை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். இதைத் 'தோராயமாகக் காதாலேயே' செய்கிறவர்கள் மீதிச் சோதனையைச் செய்யவே வேண்டாம். எல்லாம் இங்கேயே கெட்டுப்போகிறது.

சுவிட்சும் ஆம்ப்புகளும் போர்வைக்குப் பின்னால். பிள்ளைகளில் ஒருவர் அங்கே. நீங்கள் முதலில் 'அ' எது, 'ஆ' எது என்று தெரிந்து வேண்டிய மட்டும் கேட்டுப் பழகுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் பிள்ளை நாணயம் சுண்டி, பூ விழுந்தால் 'அ', தலை விழுந்தால் 'ஆ' வைத்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றம் இல்லாத முறையிலும் சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளித் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'டக்' சத்தமே விடையைச் சொல்லிவிடும். பேச்சு, இருமல், சிரிப்பு கூடாது. நீங்கள் வேறு தாளில் எழுதுங்கள். 10 முதல் 20 விநாடி நீளமுள்ள ஒரே துண்டு இசையே போதும். நுண்ணிய ஒலி வேறுபாட்டை நினைவு சில விநாடிகளுக்குமேல் பிடித்து வைப்பதில்லை.

மொத்தம் 16 முறை. தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றாகப் போகிறது என்று 7-இல் நிறுத்தினால் கணக்கு பொய்த்துவிடும். 16-க்கு 12 சரியாக வந்தால், குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு 100-க்கு 4-க்கும் குறைவு. 11 தான் சரி என்றால் அந்த வாய்ப்பு 100-க்கு 10-க்கு மேல், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மின்விசிறியை அணைத்துத்தான் செய்ய வேண்டும். இறக்கை காற்றை வெட்டுவது மெல்லிய ஒலிகளை மூடிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கவனம் எங்கே நிற்கும்? விடியற்காலையில், எட்டு எட்டாக இரண்டு அமர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரை ஒப்பிடுவதானால் கதையே வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸிலும் பேஸ் தேங்கும். ஸ்பீக்கரை ஓரடி நகர்த்தினாலே பேஸ் மாறும். ஆகவே இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஜோடியாக வேண்டாம், ஒற்றை ஸ்பீக்கராகக் கேட்டால் குறைகள் இன்னும் நன்றாகத் தெரியும். திரைக்குப் போர்வை உதவாது, ட்ரெபிளை (மேல் ஒலிகளை) விழுங்கிவிடும். வாயால் ஊதினால் மறுபுறம் காற்று வரும் அளவுக்கு மெல்லிய துணி கட்டுங்கள்.

குடியாத்தம் வாசகர்: 30 ஆண்டுகளாக இசை கற்பிக்கிறேன். சுருதியில் இம்மி பிசகினாலும் என் காதுக்குத் தெரியும். என்னைப் போன்றவர்களுக்கும் இந்த ஏமாற்றம் உண்டா?

உண்டு ஐயா. உங்கள் காதின் திறமைக்கு இதனால் இழுக்கு ஒன்றுமில்லை. பயிற்சி இரண்டு பலன்களைத் தருகிறது: கேட்டதற்குச் சரியான பெயர் சொல்ல வருகிறது, இன்று போட்ட மதிப்பெண்ணையே நாளைக்கும் போட வருகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தியை அது தடுப்பதில்லை.

2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. புதிய வயலின் மூன்று, பழைய இத்தாலிய வயலின் மூன்று. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை. மங்கிய வெளிச்சத்தில், பார்வையை மறைக்கும் கண்ணாடி அணிந்து அவர்களே வாசித்துப் பார்த்தார்கள். எது பழையது என்று பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலினை. எல்லாவற்றிலும் பின்தங்கியது ஒரு ஸ்ட்ராடிவாரி. அந்தக் கலைஞர்களின் காது குறைந்த காது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயரை மறைத்தபோதுதான் அந்தக் காது தன் வேலையை முழுதாகச் செய்தது. நீங்கள் மறைத்துக் கேட்டால், எங்களில் பலரைவிட உங்கள் தீர்ப்புதான் மதிப்புள்ளது.

ஆற்காடு வாசகர்: மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கூத்துக்குப் பழைய குழாய் ஸ்பீக்கர்தான் 'கணீர்' என்று இருக்கிறது, புது பாக்ஸில் பேச்சு புரியவில்லை என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். இதுவும் பழக்க தோஷம்தானா?

அவசரப்பட்டு அப்படித் தள்ளிவிடாதீர்கள். குழாய் ஸ்பீக்கர் பேஸைக் கொடுப்பதே இல்லை. அதன் பலமெல்லாம் பேச்சின் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மை, மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் ஒலிகளில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. எனவே 'கணீர்' என்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் முகவீணை ஏறி ஒலிக்கும்போது அதே குழாய் காதைக் குத்தும், விடிய விடியக் கேட்பவர்களுக்குச் சலிப்பும் வரும்.

'புரிகிறதா' என்று வாயால் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். பல், கல், சொல், வில், மாடம், பாடம், கூடம் என்று ஒன்றுக்கொன்று குழம்பும் 50 சொற்களை எழுதி, கலைத்து, ஒருவர் ஒரே சீராகப் படிக்கட்டும். 60 மீட்டர் தள்ளி ஐந்தாறு பேர் திரும்பி உட்கார்ந்து, கேட்டதை எழுதட்டும். அடுத்த ஸ்பீக்கரில் சொற்களின் வரிசையை மாற்றுங்கள். கூத்துப் பாட்டையோ விருத்தத்தையோ சோதனைக்கு வைத்தால் வீண். பாரதக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். பாதி கேட்டால் மீதியை மனமே நிரப்பிக்கொள்ளும், மோசமான ஸ்பீக்கரும் தேறிவிடும். ஒன்றை இரவு ஒன்பது மணிக்கும் மற்றொன்றைப் பின்னிரவு மூன்று மணிக்கும் கேட்டு ஒப்பிடுவதும் கூடாது. தரை குளிர்ந்து மேல்காற்று வெப்பமாக இருக்கும் இரவில் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். பின்னிரவில் ஓடியது நன்றாக இருந்ததாகத் தோன்றும்.

பாக்ஸில்தான் பேச்சு மங்குகிறது என்று எண்ணிக்கையில் தெரிந்தால், புதிதாக எதுவும் வாங்கும் முன், வசன மைக்கில் மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள்.

வாணியம்பாடி வாசகர்: மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் ஸ்பீக்கர் கேபிளால் ஒலி மாறுமா?

தடிமனால் மாறும், விலையால் அல்ல. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சுமார் 0.07 ஓம் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே. அதே தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. மெல்லிய ஒயர் போட்டால் 0.35 ஓம், இழப்பு 0.4 டெசிபல் அளவுக்குப் போகும். ஸ்பீக்கரின் ஓம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால் தொனியும் லேசாக மாறும். 4 ஓம் ஸ்பீக்கரில் இது இரட்டிப்பு. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 செம்பு ஒயர் வீட்டுக்குப் போதும்.

ஆம்பூர் வாசகர்: எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான் என்பது என் கட்சி. மறைத்து 16 முறை கேட்டேன், 9 தான் சரி. வித்தியாசமே இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதல்லவா?

ஆகவில்லை. வித்தியாசம் இல்லை என்று நம்பி உட்காருவதும் முன்முடிவுதான். மறைப்புத் துணியால் அதைத் தடுக்க முடியாது. 'எப்படியும் ஒன்றுதான்' என்று கவனமில்லாமல் குறித்தால் 8, 9 தான் வரும்.

எண்ணிக்கையும் போதாது. உண்மையிலேயே 100-க்கு 70 முறை சரியாகக் கண்டுபிடிக்கும் காது ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 16 முறைச் சோதனையில் 12-ஐ எட்ட அதற்குள்ள வாய்ப்பே 100-க்கு 45 தான். பாதிக்கு மேல் அது 'தோற்றுவிடும்'. 50 முறை வைத்து 32-ஐ எல்லையாகக் கொண்டால், அதே காது 100-க்கு 86 தடவை தேறும். அதனால் உங்கள் முடிவை 'இந்தச் சோதனையில் தெரியவில்லை' என்ற அளவோடு நிறுத்துங்கள்.

அடுத்த முறை, வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியாகச் சொல்லும் ஒருவரை உட்கார வையுங்கள். அதற்கு முன் ஒன்றை 2.00, மற்றொன்றை 2.24 வோல்ட் என்று வேண்டுமென்றே 1 டெசிபல் ஏற்றி வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். அதையே அவரால் பிடிக்க முடியவில்லை என்றால் அறையிலோ இசைத் துண்டிலோ கோளாறு. அவுட்புட் ஓம் அதிகமான வால்வ் ஆம்ப், வாட் போதாமல் உச்சியில் வெட்டுப்படும் ஆம்ப், 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ள ஆம்ப் ஆகியவை மறைத்தாலும் மாட்டிக்கொள்ளும். எல்லாம் ஒன்றல்ல.

திருப்பத்தூர் வாசகர்: புது ஸ்பீக்கர் 100 மணி நேரம் ஓடினால்தான் ஒலி பழுக்கும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

ஜோடியாகத்தானே வாங்கியிருக்கிறீர்கள்? வலதைப் பெட்டியிலேயே மூடி வையுங்கள். இடதை மட்டும் 100 மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி வைத்து, மெல்லிய துணிக்குப் பின்னால், ஒரே சத்தத்தில் 16 முறை கேளுங்கள். 12 வந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஸ்பீக்கர் பழுத்திருக்கலாம். வராமல், ஆனால் வாங்கிய நாளைவிட இப்போது இனிமையாக இருப்பதாகத் தோன்றினால், பழகியது உங்கள் காதாக இருக்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் பார்த்துக்கொண்டு இதைத் தொடங்குங்கள்.