அஞ்சறைப்பெட்டியில் பாட்டு: கிராமி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அல்சூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் கூடி, ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்போம். எல்லோரும் தமிழர்கள், பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சென்ற மாதம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ போட்டோம். கேட்டு முடித்ததும் ஒரே சண்டை. அமெரிக்க இசை விருதான கிராமி என்றாலே நிறவெறிதான், அதனால்தான் சிறந்த ஆல்பம் விருதை அவருக்கு இத்தனை வருடம் கொடுக்கவில்லை என்கிறாள் ஒரு தோழி. நிறமும் இல்லை ஒன்றும் இல்லை, எது விற்கிறதோ அதற்குக் கொடுப்பார்கள் என்கிறார் என் அண்ணன். மூன்றாவது கட்சியும் உண்டு: நம்ம ஊர் இசையமைப்பாளர் ரிக்கி கேஜுக்கு மூன்று கிராமி கிடைத்திருக்கிறதே, பாகுபாடு எங்கே இருக்கிறது என்று. இதில் எது சரி?

இன்னொன்று. என் தம்பியும் நண்பர்களும் பறை, நாகஸ்வரம், பேஸ் கிட்டார் வைத்து ஆறு பாட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ‘கிராமி பரிசீலனைக்கு அனுப்பித் தருகிறோம்’ என்று பணம் கேட்டு ஒரு ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

க. அன்புச்செல்வி
அல்சூர், பெங்களூரு

அன்புள்ள அன்புச்செல்வி,

மூன்று கட்சியிலும் உண்மை உண்டு. ஆனால் மூவரும் பார்ப்பது உறையைப் பிரித்துப் பெயர் வாசிக்கும் அந்தக் கடைசி நிமிடத்தை. அதற்கு வெகு முன்பே, இந்தப் பாட்டு என்ன வகை, எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அஞ்சறைப்பெட்டியில் எதை எந்தக் கிண்ணத்தில் போட்டு வைத்தோமோ, அவசரத்தில் கை அங்கேதான் போகும். இசை விருதுகளில் நிறம் வேலை செய்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

அமெரிக்காவில் அந்தக் கிண்ணங்களுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று பாருங்கள். ‘பில்போர்ட்’ பத்திரிகை 1942இல் கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளுக்கென்று ஒரு தனிப் பட்டியல் தொடங்கியது. பெயர் ‘ஹார்லெம் ஹிட் பரேட்’; ஹார்லெம், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1945இல் அது ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது ‘இன இசைத்தட்டுகள்’ ஆனது. 1949இல் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’, சுருக்கமாக ஆர் அண்ட் பி. 1982இல் வெளிப்படையாக ‘பிளாக் சிங்கிள்ஸ்’, 1990இல் மறுபடியும் ஆர் அண்ட் பி. மெட்டு, தாளம், வாத்தியம் எதையும் வைத்துப் பிறந்த பிரிவு இல்லை அது. வாங்குகிறவரின் தோலை வைத்துப் பிறந்தது. பிறகுதான் அதற்கு இசை இலக்கணம் எழுதினார்கள்.

கிராமியிலும் அண்மைக் காலம் வரை ‘அர்பன் கன்டெம்பரரி’ என்று ஒரு பிரிவு இருந்தது. ‘அர்பன்’ என்றால் நகர்ப்புறம்; கறுப்பின இசை என்று சொல்லாமல் சொல்லும் சொல். 2020 ஜனவரியில் கறுப்பினக் கலைஞர் டைலர் தி கிரியேட்டர் சிறந்த ராப் ஆல்பம் விருதை வாங்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் நிருபர்களிடம் மனம் நொந்து பேசினார். தன்னைப் போன்ற தோற்றம் உள்ளவர்கள் வகைகளைக் கலந்து எதைச் செய்தாலும் அதை ராப் அல்லது அர்பனில் போட்டுவிடுகிறார்கள், ஏன் பாப் பிரிவில் வைக்கக் கூடாது என்று கேட்டார். விருது பெற்ற ‘இகோர்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர் ராப் செய்யும் நேரத்தைவிடப் பாடும் நேரம் அதிகம். அந்த ஆண்டே பிரிவின் பெயர் ‘புரோகிரசிவ் ஆர் அண்ட் பி’ என்று மாறியது. பெயர்தான் மாறியது, கிண்ணம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

உங்கள் மாடியில் ஒலித்த ஆல்பத்துக்கு வருகிறேன். கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புற இசை, வெள்ளையர் இசை என்று பெயர் வாங்கியது. 2016இல் பியான்சேயின் ‘டாடி லெசன்ஸ்’ பாட்டை கன்ட்ரி பிரிவுக்கு அனுப்பினார்கள். கிராமியின் கன்ட்ரி குழு ஏற்கவில்லை. 2019 மார்ச்சில் கறுப்பினக் கலைஞர் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்டு டவுன் ரோடு’ பாட்டை ‘பில்போர்ட்’ தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2025இல் ‘கவ்பாய் கார்ட்டர்’ சிறந்த கன்ட்ரி ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பம் இரண்டையும் வாங்கியது. கன்ட்ரி ஆல்பம் விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அதற்கு முன் 2010, 2015, 2017, 2023 என்று நான்கு முறை ஆண்டின் ஆல்பத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றிருந்தார். 1999இல் லாரின் ஹில் வாங்கிய பிறகு, அந்த விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வர 26 ஆண்டுகள் ஆயின. உங்கள் தோழியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தோல்விகளை விளக்க, நிறவெறி பிடித்த நடுவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து சதி செய்ததாக நினைக்க வேண்டியதில்லை. வாக்கு எண்ணும் முறையே பாதியை விளக்கிவிடும். நடைமுறை இதுதான்: இசை நிறுவனங்களும், கிராமியை நடத்தும் ரெக்கார்டிங் அகாதெமியின் உறுப்பினர்களும் பதிவுகளை அனுப்புகிறார்கள். வகை பிரிக்கும் குழுக்கள் ஒவ்வொன்றையும் ஒரு பிரிவில் வைக்கின்றன. பிறகு உறுப்பினர்கள் இரண்டு சுற்று வாக்களிக்கிறார்கள், முதல் சுற்று பரிந்துரைக்கு, இரண்டாவது வெற்றிக்கு. ஆண்டின் ஆல்பம் போன்ற ஆறு பொதுப் பிரிவுகளில் எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கலாம். மற்றபடி, மூன்று துறைகளுக்குள் (ஒத்த பிரிவுகள் சேர்ந்தது ஒரு துறை) அதிகபட்சம் 10 பிரிவுகள். 2021இல் மாற்றும் வரை 15 பிரிவுகள், துறைக் கட்டுப்பாடும் கிடையாது. நாற்பது வருடம் கன்ட்ரி ஸ்டூடியோவில் கிட்டார் வாசித்தவரும் சிறந்த ராப் ஆல்பத்துக்கு வாக்குப் போடலாம் என்ற நிலை.

2014இல் வெள்ளையர்களான மேக்லமோர், ரயன் லூயிஸ் இருவரின் ‘தி ஹைஸ்ட்’ சிறந்த ராப் ஆல்பமாகி, கறுப்பினக் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் ‘குட் கிட், மேட் சிட்டி’ தோற்றதை இப்படிப் பார்த்தால் புரியும். ராப் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கென்ட்ரிக்கின் ஆல்பத்தைக் கொண்டாடினார்கள். ராப் கேட்காதவர்களுக்கு வானொலியில் காதில் விழுந்த பெயர் மேக்லமோர். கென்ட்ரிக்குக்கு அன்று 7 பரிந்துரை, ஒரு விருதும் இல்லை. விருதை அவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று மேக்லமோரே எழுதினார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆண்டின் ஆல்பத்துக்குப் போட்டியிடுவோர் 2018 வரை 5 பேர், பிறகு 8, 2022இல் 10, 2024 முதல் மறுபடியும் 8. வெற்றிக்குப் பாதி வாக்கு தேவையில்லை, மற்றவர்களைவிட அதிகம் இருந்தால் போதும். 1,000 பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ராப், ஆர் அண்ட் பி விரும்புகிறவர்கள் 420 பேர். அவர்களுக்குப் பிடித்த ஆல்பம் மூன்று இருந்தால் ஆல்பத்துக்கு 140ஆகச் சிதறும். நடுவாந்தரமான, யாரையும் உறுத்தாத ஒரு ஆல்பம் தனியாக நின்று 180 வாங்கினால் விருது அதற்கு. 820 பேர் வேறொன்றை விரும்பியிருந்தாலும் முடிவு அதுதான். தொகுதியில் மூன்று பேர் வாக்கைப் பிரித்து நான்காவது ஆள் ஜெயிப்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கும் நமக்கு இது புதிதில்லை. ராப் சார்ந்த ஆல்பங்கள் இந்த விருதை வாங்கியது இரண்டே முறை, 1999இல் லாரின் ஹில், 2004இல் அவுட்காஸ்ட். இத்தனை பெரிய இசை வகைக்கு இது மிகக் குறைவு என்பதே என் உறுதியான எண்ணம்.

உங்கள் அண்ணனின் கட்சிக்கு வருவோம். விதிப்படி விற்பனையும் தரவரிசையும் கிராமியில் கணக்கில் வராது. 2015இல் பியான்சேயைத் தோற்கடித்த ராக் பாடகர் பெக்கின் ஆல்பம் பியான்சேயின் ஆல்பத்தைவிட மிகக் குறைவாக விற்றது. மறுபக்கம், கறுப்பினப் பாடகர் தி வீக்கெண்ட்டின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ 2020இன் பில்போர்ட் ஆண்டுப் பட்டியலில் முதல் பாட்டு. 2021 கிராமியில் அவருக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. அப்போது பரிந்துரைகளை இறுதி செய்யப் பெயர் வெளியிடப்படாத குழுக்கள் இருந்தன. அவர் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட பிறகு, அந்த ஏப்ரலில் பெரும்பாலான குழுக்களைக் கலைத்தார்கள். விற்பனை நேராக விருதாவதில்லை. அது பழக்கமான பெயராகிறது. பெயர் தெரிந்த பாட்டுக்குக் கை போகிறது.

விற்பனை எண்ணே நடுநிலையானது என்றும் அண்ணன் நினைக்க வேண்டாம். 1991 மே மாதம் வரை பில்போர்ட் ஆல்பம் பட்டியல், கடைக்காரர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு எது நன்றாகப் போகிறது என்று கேட்டுத் தயாரித்தது. கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. சவுண்ட்ஸ்கேன் என்ற விற்பனைக் கணக்கு முறை வந்து கல்லாவில் பார்கோட் எண்ணத் தொடங்கியதும், அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. கன்ட்ரியும் அப்படியே மேலே வந்தது. இரண்டையும் மக்கள் முன்பிருந்தே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது ‘பிளாட்டினம்’ என்று படித்தால் 10,00,000 அலகு என்று பொருள். ஓர் அலகு என்பது ஒரு ஆல்பம், அல்லது தனியாக விற்ற 10 பாட்டு, அல்லது 1,500 முறை ஆன்லைனில் கேட்டது. இதைத் தெரிந்துகொண்டு வாதாடினால் உங்கள் மாடியில் சத்தம் கொஞ்சம் குறையும்.

தோற்றம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை விட முடியாது. இது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும்கூட. 1989இல் ராப்புக்கு முதன்முதலாக விருது வைத்தார்கள், வழங்குவதை ஒளிபரப்பவில்லை. வென்ற வில் ஸ்மித்தும் ஜாஸி ஜெஃபும் விழாவுக்கே போகவில்லை. மறுவருடம் சிறந்த புதுமுகம் விருது மில்லி வனில்லி என்ற இரட்டையருக்கு. ஆல்பத்தில் பாடியது அவர்கள் இல்லை. முக்கிய ஆண் குரல்களுக்குச் சொந்தக்காரர்களும் கறுப்பினத்தவரே. அட்டைக்கும் மேடைக்கும் ஏற்ற முகம் என்று தயாரிப்பாளர் நிறுத்தியது இந்த இரண்டு இளைஞர்களை. 1990 நவம்பரில் விருது திரும்பப் பெறப்பட்டது. அவமானம் முழுவதும் அந்த இருவர் தலையில் விழுந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு அந்த அளவு விழவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனைதான்.

இன்று 90க்கு மேற்பட்ட பிரிவுகளில் பத்துப் பன்னிரண்டுதான் இரவு ஒளிபரப்பில் வரும். மற்றவை மதியமே ஒரு முன்விழாவில் கொடுக்கப்பட்டுவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் அந்த மதியத்தில்தான் இருக்கிறார்கள். ‘பிளானெட் டிரம்’ ஆல்பத்தில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராம் 1992இல் சிறந்த உலக இசை ஆல்பம் விருதில் பங்கு பெற்றார். 2024இல் அவர் மகன் செல்வகணேஷ், சக்தி என்ற இசைக்குழுவுடன் விருது வாங்கினார். பிரிவின் பெயர் 2020இல் ‘வேர்ல்ட்’ என்பதிலிருந்து ‘குளோபல்’ ஆகியிருந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே 32 ஆண்டுகள், அதே கிண்ணம். ஏ.ஆர். ரஹ்மானின் 2010ஆம் ஆண்டு விருதுகள் இரண்டும் திரையிசைக்கான பிரிவுகளில். ரிக்கி கேஜின் மூன்றில் இரண்டு நியூ ஏஜ் என்ற தியான வகை மென்னிசைக்கு, ஒன்று இம்மர்சிவ் ஆடியோ என்ற, கேட்பவரைச் சுற்றி ஒலிக்கும் பதிவுமுறைக்கு. அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. சிறிய துறையில் நமக்குக் கதவு திறந்திருப்பதும் பெரிய துறையில் மூடியிருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்கிறேன். ஆண்டின் ஆல்பம் விருதில் ரவிசங்கர் பெயர் ஒரு முறை உண்டு, 1973இல், வங்கதேச நிதிக்கச்சேரி ஆல்பத்துக்காக, ஜார்ஜ் ஹாரிசனோடு சேர்த்து.

வாக்காளர்கள் மாறிவருகிறார்கள். வெள்ளையர் அல்லாதோர் 2019இல் 24 சதவீதம், 2024இல் 38. பெண்கள் 21இலிருந்து 28. 2025ஆம் ஆண்டு விருது பியான்சேக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

தம்பி விஷயம். ஆல்பம் என்று ஏற்க, வெவ்வேறான 5 பாட்டுகளாவது இருந்து மொத்தம் 15 நிமிடமாவது ஓட வேண்டும், இல்லையென்றால் 30 நிமிடம் ஓட வேண்டும். ஓடும் நேரத்தில் 75 சதவீதம் புதிய பதிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் தகுதிக் காலத்துக்குள் வெளியாகியிருக்க வேண்டும்; சர்வதேச ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும்போது நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பலரும் தவறுவது அங்கேதான். பதிவை அனுப்ப உறுப்பினரோ பதிவுபெற்ற நிறுவனமோ வேண்டும். உறுப்பினராக, துறையிலிருந்து இருவர் பரிந்துரைக்க வேண்டும். வாக்குரிமைக்கு, வணிகமாக வெளியான 12 பாட்டுகளில் பங்கு, அதில் 5 கடந்த ஐந்து ஆண்டில்.

‘பரிசீலனையில்’ என்ற சொல்லுக்கு அனுப்பியாகிவிட்டது, விதிக்குப் பொருந்துகிறது என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. முதல் சுற்றுப் பட்டியலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பதிவுகள் இருக்கும். பரிந்துரை என்பது வேறு. பணம் கொடுக்கும் முன் அந்த ஏஜென்டிடம் தம்பி மூன்று கேள்வி கேட்கட்டும்: அனுப்பப்போவது எந்த உறுப்பினர் அல்லது நிறுவனத்தின் பெயரில்? கட்டணத்தில் அகாதெமிக்குப் போவது எவ்வளவு, அவருக்கு எவ்வளவு? எந்தப் பிரிவில் அனுப்புகிறார், ஏன் அந்தப் பிரிவு? மூன்றாவது கேள்விக்கு, பாட்டுகளைக் கேட்டுவிட்டுச் சொல்லும் பதிலாக வராமல், பறை என்ற பெயரைப் பார்த்ததும் ‘குளோபல்’ என்று வந்தால், அவர் இன்னும் ஆல்பத்தைக் கேட்கவில்லை.