குளிர் பிடிப்பது ஓடும்போது அல்ல

கேள்வி: எனக்கு 34 வயது. விருதுநகரில் தினமும் காலையில் ஓடுகிறேன். 10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஜனவரியில் ஊட்டியில் நடக்கும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் தொடங்குகிறது. "உறைபனியில் ஓடினால் நுரையீரல் உறைந்துவிடும்" என்று மாமியார் பயப்படுகிறார். எத்தனை ஸ்வெட்டர் போட வேண்டும்? என் வழக்கமான நேரத்தில் முடிக்க முடியுமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், நுரையீரல் உறையாது. மூக்கையும் தொண்டையையும் தாண்டுவதற்குள் காற்று சூடேறி, ஈரமாகித்தான் உள்ளே போகிறது. தொண்டை காய்ந்து கொஞ்சம் எரியும், ஓடி முடித்ததும் சிலருக்கு வறட்டு இருமல் வரும், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான் ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவள். 27 வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். புல்லெல்லாம் உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும் காலைகளில் பிள்ளைகளை ஓடவைத்திருக்கிறேன். அத்தனை வருஷத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை குளிரில் சுருண்டு நான் பார்த்ததே இல்லை. ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரமும், முடிந்த பிந்தைய அரை மணி நேரமும்தான் ஆளைப் பிடிக்கும். அந்த இரண்டுக்கும் தயாராகிவிட்டால் ஊட்டிக் குளிர் உங்களுக்கு உதவியாகத்தான் இருக்கும். நீங்கள் விருதுநகரில் ஏழு மணிக்கே வியர்வையில் குளித்துவிடுவீர்களே, அந்தத் தொல்லை இங்கே கிடையாது.

ஸ்வெட்டர் கேள்விக்கு வருகிறேன். ஓடுவதற்கு ஒன்றுகூட வேண்டாம். தசை செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதனால் வெளியே 5 டிகிரி என்றால் 13, 14 டிகிரி என்று நினைத்துக்கொண்டு உடுத்துங்கள். முழுக்கை பாலியஸ்டர் டிசர்ட் ஒன்று, முழுக்கால் டைட்ஸ், காதை மூடும் பட்டை, கையுறை. இது போதும். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது லேசாக நடுங்க வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவீர்கள்.

கையுறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிர் பட்டதும் உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். கல்லூரியில் படிக்கும்போது நான் ஓடிய முதல் சாலை ஓட்டம் நினைவிருக்கிறது. தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இடது ஷூ நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடா இருக்கிறது, ஆனால் இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து எப்படியோ ஒரு முடிச்சுப் போட்டேன். இரண்டாவது கிலோமீட்டரில் அது அவிழ்ந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்து மறுபடி கட்டுவதற்குள் முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாடாவை அறையிலேயே இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிட்டுத்தான் கிளம்புவேன். உங்கள் எண் அட்டையையும் முந்தைய இரவே டிசர்ட்டில் பின் குத்தி வைத்துவிடுங்கள். மரத்துப்போன விரலால் பின் குத்துவது பெரிய பாடு.

அப்புறம், முந்தைய இரவு ஒருமுறை வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். மேகம் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால், காலையில் உறைபனி இருக்க வாய்ப்பு அதிகம். தரையின் வெப்பமெல்லாம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். தாவரவியல் பூங்காவில் செடிகளுக்கு மேலே கோத்தகிரி மிலார் என்ற செடியைப் பரப்பி மூடுவதும் இதற்காகத்தான். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் மைதானம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். உங்கள் ஓட்டம் தொடங்குவதே பள்ளத்தில் என்பதால் ஐந்தரைக்கே அங்கே போய் நிற்காதீர்கள். கொஞ்சம் மேட்டில் ஒரு டீக்கடை வாசலில் இருங்கள். ஐந்தே முக்காலுக்கு ஸ்வெட்டர், குல்லாவுடன் மெதுவோட்டம் தொடங்குங்கள். பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு, நூறு மீட்டர் அளவுக்கு நான்கு முறை கொஞ்சம் வேகமாக. சமவெளியில் இதை விட்டாலும் பரவாயில்லை, இங்கே விட்டால் முதல் ஏற்றத்திலேயே கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். ஸ்வெட்டரைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கழற்றி உடன் வந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குளிரில் சிறுநீர் அதிகமாகச் சேரும். கை காலிலிருந்து ரத்தம் உள்பக்கம் வருவதால் சிறுநீரகம் நீரைக் கூடுதலாக வெளியேற்றும். தொடக்க இடத்தில் கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும். பெண்கள் வரிசை இன்னும் நீளம். அதற்குப் பதினைந்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இனி நேரம். 58 நிமிடம் வராது. ஆனால் அதற்குக் காரணம் குளிர் இல்லை, உயரம். ஊட்டியும் மெக்சிகோ நகரமும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரே உயரம், 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் அங்கேதான் நடந்தது. அப்போது 10,000 மீட்டரில் உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் கையில் இருந்தது, 27 நிமிடம் 39.4 விநாடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்டாலி டெமுவுக்கே 29 நிமிடம் 27.4 விநாடி ஆனது. கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கு அளவுதான்.

உங்கள் வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 48 விநாடி. இங்கே முதல் இரண்டு கிலோமீட்டரில் ஒவ்வொன்றையும் 6 நிமிடம் 20 விநாடிக்குக் கீழே ஓடாதீர்கள். குளிரில் உடம்பு லேசாக இருப்பதுபோல் தோன்றும், கால் தானாகப் பறக்கும், அதை நம்ப வேண்டாம். மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால் இந்த உயரத்தில் அதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். 63, 64 நிமிடத்தில் முடித்தால் நல்ல ஓட்டம் என்று நான் சொல்வேன். மணிக்கட்டு வாட்ச் காட்டும் இதயத் துடிப்பையும் நம்பாதீர்கள். தோலில் ரத்தம் குறைவதால் அது தப்பாகக் காட்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், முதல் பாதிக்கு அதுவே அளவுகோல். வெயில் படாத வளைவுகளில் சாலையின் வெள்ளைக்கோட்டை மிதிக்காதீர்கள், பனி ஈரத்தில் வழுக்கும்.

முடித்த பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். மெடலை மாட்டிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, ஈர டிசர்ட்டோடு இருபது நிமிடம் நிற்பார்கள். தசை வெப்பம் நின்றுவிட்டது, வியர்வை மட்டும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பற்கள் தந்தியடிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றுத் துணியை ஒரு பையில், போடும் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். போட்டோ ஸ்வெட்டரோடும் எடுக்கலாம்.

கேள்வி: நான் பனியன் தொழிலில் இருப்பவன். பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். குளிரில் ஓட மட்டும் பருத்தி வேண்டாம் என்று ஏன் சொல்கிறீர்கள்?
— வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் பருத்திப் பனியனை நான் வீட்டில் தினமும் போடுகிறேன், அதற்கு ஈடு இல்லை. ஆனால் அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் அது சுகம். குளிரில் அதே ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும். பாலியஸ்டர் ஈரத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடுகிறது. ஓடி முடித்து உடம்பைத் துடைத்த பிறகு, காய்ந்த பருத்திப் பனியனைத் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: ஓடுவதற்கு முன் டீ குடிக்கலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: அரை டம்ளர் குடிக்கலாம், ஒரு மணி நேரம் முன்னால். தேயிலை ஊர்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு. பள்ளியில் 3 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஊட்டி கூட்டிப்போகிறார்கள். அனுப்பலாமா?
— வாசகி, கோவை

பதில்: மருத்துவரைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள் அம்மா. குளிர்ந்த, வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய் காய்ந்து சுருங்கும். வீசிங் உள்ள பிள்ளைக்கு அது சீக்கிரம் நடக்கும். ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் இன்ஹேலர் எடுக்கச் சொல்வது வழக்கம், எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நிதானமாக, நீண்ட நேரம் உடம்பைச் சூடேற்றட்டும். மூக்கையும் வாயையும் மூடி மெல்லிய துணி கட்டிக்கொள்ளட்டும், விட்ட மூச்சின் ஈரமும் சூடும் அதில் தங்கும். விசில் சத்தம் கேட்டாலோ நெஞ்சு இறுகினாலோ அந்த இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் யாரும் திட்டமாட்டார்கள் என்பதையும் அவனிடம் சொல்லி அனுப்புங்கள், அந்தப் பயத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கூடப் போகும் ஆசிரியரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். இன்ஹேலர் பையில் இருக்கக் கூடாது. குப்பி குளிர்ந்துவிட்டால் மருந்து சரியாக வராது. சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி ஒரு பாக்கெட் தைத்துக் கொடுங்கள்.