ஜூலை 23 அன்று பள்ளியில் எதை வாசிப்பது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' வாசிப்பது என் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் வருவதை எழுதிவைத்து வாசிக்கிறேன், பிள்ளைகள் காதில் ஏறவே மாட்டேன் என்கிறது. வருகிற ஜூலை 23-க்கு மட்டும் இருபதுக்கு மேல் வந்திருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? தேதி சரியா என்று எப்படிப் பார்ப்பது? போன செப்டம்பரில் பாரதியார் நினைவு நாள் 11 என்று வாசித்தேன், ஒரு பிள்ளையின் அப்பா வந்து 12-தான் சரி என்றார். அப்புறம், எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்துக் கல்லில் 'கொல்லம் 1085 தை 12 திங்கட்கிழமை' என்று இருக்கிறது. அதையும் அதற்குரிய நாளில் வாசிக்க ஆசை. ஆங்கிலத் தேதி என்னவாக இருக்கும்?

பதில்: டீச்சர், முதலில் அந்த இருபதைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும், அந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எகிப்தில் 1952 ஜூலை 23-இல் மன்னராட்சிக்கு எதிராக ராணுவ அதிகாரிகள் எழுந்தார்கள், பெரிய சம்பவம்தான், ஆனால் வெயிலில் நிற்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை ஒரே வரியில் சொன்னால் மனதில் என்ன தங்கும்? பிள்ளைக்குத் தெரிந்த ஓர் ஊரோ ஆறோ மலையோ அந்தச் செய்திக்குள் வர வேண்டும். நான் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

அப்படிப் பார்த்தால் ஜூலை 23 நம் பக்கத்துக்கு மிகக் கனமான நாள்.

பாலகங்காதர திலகர் பிறந்தது 1856 ஜூலை 23, ரத்தினகிரியில். இது எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அதோடு நிறுத்தினால் அது மகாராஷ்டிரத்துச் செய்தி. 1908-க்கு வாருங்கள், நெல்லைச் செய்தியாகிவிடும். ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. திலகரைத் தலைவராகக் கொண்டவர், 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், அவரோடு மேடையேறி மில் தொழிலாளர்களிடம் பேசியவர் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா. 1908 மார்ச் 12-இல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் 13-ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது, கடைகள் அடைத்தன, அரசு அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7-இல் தீர்ப்பு: வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், நாற்பது வருடம். சிவாவுக்குப் பத்து வருடம். மேல்முறையீட்டில் இரண்டு தண்டனையும் பிறகு குறைந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு பம்பாயில் திலகருக்கு ஆறு வருடத் தண்டனை சொன்னார்கள், மறுநாள் விடிந்தால் அவருக்கு 52-ஆவது பிறந்தநாள். தலைவருக்கும் அவர் வழியில் நடந்த நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரே மாதத்தில் சிறை. இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது, அதே சுப்பிரமணிய சிவா இறந்ததும் ஜூலை 23-தான், 1925-இல், தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில். வயது நாற்பதுதான். சிறையில் தொழுநோய் பிடித்து 1912-இல் வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தபோதும் மனிதர் ஓயவில்லை, கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். திலகர் பிறந்த தேதியில் சிவாவின் நினைவு நாள் வருகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நினைவில் நிற்பார்கள். தனித்தனி வரியாக வாசித்தால் இரண்டுமே மறந்துபோகும்.

மூன்றாவது 1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. வெளியூர்ப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இருக்காது. உங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைதான், மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த காடு தேயிலைத் தோட்டமானது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் வைத்திருந்தவர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் போலீஸ் தடியடி நடத்தியது, கூட்டம் தாமிரபரணியில் இறங்கியது, 17 பேர் உயிரிழந்தார்கள், பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட. பிறகு நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

இதை விட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள், நியாயம்தான். எந்த நாள், எந்த இடம், என்ன கேட்டுப் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று நான்கு வரியில் நேராகச் சொல்லுங்கள், கட்சிப் பெயர் எதுவும் வேண்டாம். முதல் நாளே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அந்த வீட்டிலும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நூறு வருடத்துக்கு முந்தியதுதான் வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தன் ஆச்சி கண்ணால் பார்த்ததும் வரலாறுதான் என்பது இந்த ஒரு நாளிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

சரி, தேதியைச் சரிபார்ப்பது. எனக்கு மிகவும் கைகொடுப்பது கிழமை. ஒரு செய்தியில் தேதியோடு கிழமையும் இருந்தால், செல்போன் காலண்டரில் அந்த வருடத்துக்குப் போய்ப் பாருங்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் 16 புதன்கிழமை, மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட 1911 ஜூன் 17 சனிக்கிழமை. கிழமை இடித்தால் எங்கேயோ ஒரு நாள் தவறியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது, அந்தக் காலத்திலேயே எழுதியது கிடைக்கிறதா என்று பாருங்கள்: மறுநாள் பத்திரிகை, நகராட்சியின் இறப்புப் பதிவு, கல்லறை எழுத்து, பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய சபைகளின் பதிவேடு. சபைப் பதிவேட்டில் இருப்பது பல நேரம் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அதற்குச் சில நாளோ மாதமோ முன்னால் இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் வைத்து யாருக்கும் பிறந்தநாள் வாசிக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது வேண்டுமே என்று வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி எத்தனையோ வீட்டில் இருக்கிறது.

பாரதியார் விஷயத்தில் நீங்கள் வாசித்ததும் தப்பில்லை, வந்து சொன்னவர் சொன்னதும் தப்பில்லை. 1921 செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை. அந்த ராத்திரி நடுநிசி தாண்டி, ஒன்றரை மணி வாக்கில், திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு 12-க்கு நாள் மாறிவிடும், அதனால் சென்னை மாநகராட்சிப் பதிவில் 12. நம் வழக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள், விடியும்வரை அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான், அதனால் 11. நூற்றாண்டு ஆண்டான 2021-இல் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ 'மகாகவி நாள்' என்று அறிவித்தது, பள்ளியில் அதன்படியே வாசியுங்கள். கூடவே, "11-ஆம் தேதி இரவு கழிந்து 12 பிறந்த பிறகு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க வரமாட்டார்கள். வயது 39 என்று எழுதுகிறார்கள், அதைத் திருத்துங்கள். எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-இல் பிறந்தவருக்கு அப்போது 38 முடிந்து ஒன்பது மாதம்.

செப்டம்பரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 5-ஆம் தேதி எல்லாப் பள்ளியிலும் ஆசிரியர் தினத்தோடு முடிந்துவிடுகிறது. 1872-இல் அதே நாளில் வ.உ.சி. பிறந்தார் என்பதை நம் மாவட்டத்துப் பள்ளியே வாசிக்காவிட்டால் எனக்கு மனது ஆறுவதில்லை.

இனி உங்கள் கல். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்கியது. நம் திருநெல்வேலிப் பக்கம் அது ஆவணி முதல் தேதியில் மாறும், மாதப் பெயர் தமிழ் மாதம்தான், இப்போதும் இங்கே வரும் பஞ்சாங்கத்தில் போடுகிறார்கள். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரைக்கும், அதாவது டிசம்பர் 31 வரை, கொல்லம் எண்ணோடு 824 கூட்டுங்கள். ஜனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடிய 825 கூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுவதால்தான் கோயில் கல், பத்திரம் என்று பலவற்றிலும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. உங்கள் கல்லில் இருப்பது தை, ஆகவே 1085-உம் 825-உம் சேர்ந்து 1910, சௌமிய வருடம். அந்தக் காலத்தில் தை பிறப்பு இப்போதைவிடச் சற்று முந்தி, ஜனவரி 13 வாக்கில் வரும், அப்படியானால் தை 12 என்பது 24 அல்லது 25. கல் வெட்டியவர் திங்கட்கிழமை என்றும் சேர்த்து எழுதிவைத்தது நல்லதாகப் போயிற்று. 1910 ஜனவரி 24 திங்கள், 25 செவ்வாய். ஆக, ஜனவரி 24 அன்று வாசியுங்கள், குடியரசு தின ஒத்திகைக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருப்பார்கள். அதற்கு முன் கல்லில் 1085-இன் கடைசி எண்ணை ஒரு தடவை சாக்பீஸ் தேய்த்துப் பாருங்கள், தேய்ந்த கல்லில் 5-உம் 6-உம் குழப்பும். அது 1086 என்றால் வருடம் 1911, தை 12-இன் கிழமையும் மாறிவிடும், திங்கள் வராது.