பெயின்ற் மின்னுது, பற்றரி சாகுது: பழைய பைக் சார்ஜிங் கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போக முதல் ஒரு விசயம். "சார்ஜ் ஏறுதில்லை" என்று மட்டும் எழுதினால் நானும் ஊகிக்கத்தான் வேணும். மல்ற்றிமீற்றரை டிசி வோல்ற்றில் வைத்து மூன்று அளவு எடுங்கோ. இரவு முழுக்க சும்மா நின்ற பைக்கில் பற்றரி எவ்வளவு, எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடேக்க எவ்வளவு, அதோடு முன் லைற்றையும் போட்டால் எவ்வளவு. 12 வோல்ற் பைக் என்றால் முதலாவது 12.6 அளவில் நிற்கவேணும், ஓடேக்க 13.8 முதல் 14.5. 6 வோல்ற் பைக்குக்கு 6.3, ஓடேக்க 7 முதல் 7.4. மீற்றர் முனையைப் பற்றரியின் ஈயத்திலேயே வையுங்கோ, வயர் நுனியில் இருக்கிற லக்கில் வைக்காதீங்கோ.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, ஹொண்டா சிஜி 125, 12 வோல்ற். பிறேமுக்கு பவுடர் கோட்டிங் அடித்து முழுசாகத் திருத்தி எடுத்தனான். புதுப் பற்றரி, புது ரெகுலேற்றர், ஆனாலும் ஓடேக்க 12.3 தான் காட்டுது. அடுத்து ஸ்டேற்றரை மாற்றவோ?

பொறுங்கோ தம்பி, ஸ்டேற்றருக்கு, அதாவது கரண்ட் உண்டாக்குற கொயிலுக்கு, காசைக் கொட்டாதீங்கோ. திருத்தி முடித்த பைக் என்றாலே நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தை, அதாவது பிறேம் வழியாகக் கரண்ட் பற்றரிக்குத் திரும்புற பாதையைத்தான். பழைய பிறேமில் போல்ற் இறுகின இடத்தில் வெறும் இரும்பு இருந்தது, கரண்ட் அதுக்குள்ளால் போனது. இப்ப அந்த இடமெல்லாம் பவுடர் கோட்டிங். அது நல்ல காவலி, கரண்டை விடாது. எஞ்சின் மவுண்ட், ரெகுலேற்றர் (வோல்ற்றைக் கட்டுப்படுத்துற பெட்டி) பூட்டுற இடம், கொயில் போல்ற் எல்லாத்தையும் வடிவாக மூடிவிட்டிருப்பாங்கள்.

இதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு முன் லைற்றைப் போடுங்கோ. மீற்றரின் கறுப்பு முனை பற்றரியின் நெகற்றிவ்வில், சிவப்பு முனை ரெகுலேற்றரின் எர்த் வயர் முடியுற இடத்தில். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பிழை. பிறகு எஞ்சின் உடம்பிலும் அப்படியே பாருங்கோ. அது சரியென்றால் ரெகுலேற்றரிலிருந்து வெளியில் வரும் வயருக்கும் பற்றரி பொசிற்றிவ்வுக்கும் இடையில் அளவுங்கோ. அங்கேயும் 0.3க்கு மேல் போகக்கூடாது. போனால் இடையில் இருக்கிற பியூஸ் கூடு, கனெக்டர், இதுகளில் ஒன்றுதான் கரண்டைத் தின்னுது.

ஹொண்டாவில் பச்சை வயரெல்லாம் எர்த். பெற்றோல் ராங்கைக் கழற்றி, அந்தப் பச்சைக்கூட்டம் வளைய லக்கோடு போய்ப் பூட்டியிருக்கிற போல்ற்றைக் கண்டுபிடியுங்கோ. லக் இருக்கிற வட்டம் அளவுக்கு மட்டும் கோட்டிங்கைச் சுரண்டி, பல் வைச்ச வாசர் போட்டு இறுக்குங்கோ. சுரண்ட மனமில்லையென்றால் எஞ்சின் போல்ற்றிலிருந்து பற்றரி நெகற்றிவ்வுக்குத் தனியாக ஒரு மொத்த வயர் இழுத்து, அதிலேயே ரெகுலேற்றரின் எர்த்தையும் சேருங்கோ. என் கருத்தில் இரண்டாவது வழிதான் நல்லது, பெயின்றையும் கெடுக்காது.

திரும்பவும் உப்புவெளி: அளந்தேன் அண்ணா, எர்த்தில் 0.9 காட்டிச்சு! தனி வயர் இழுத்தாச்சு, இப்ப 14.1. கனெக்டர்களுக்குள்ளே பச்சையாகப் பிடிச்சிருக்கு, அதுக்குக் கிறீஸ் பூசினால் போதுமோ?

அந்தப் பச்சைக் களிம்புக்கு மேல் கிறீஸ் பூசினால் களிம்புதான் பத்திரமாக இருக்கும். முதலில் சுத்தம் செய்து, பெண் லக்கைக் குறட்டால் மெதுவாக நெரித்து இறுக்கிச் செருகுங்கோ. வசலின் அதுக்குப் பிறகு, ஈரம் போகாமல் இருக்க. வயரை வெட்டிப் பார்த்தால் சில நேரம் உள்ளே செம்பு கறுத்திருக்கும், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளிச்சென்று செம்பு தெரியும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டு போங்கோ. கடற்கரை ரோட்டில் ஓடுற பைக் என்றால் வாடைக்காற்று தொடங்க முதல் ஒருக்கா இதையெல்லாம் திறந்து பார்க்கிறது நல்லம்.

கின்னியாவிலிருந்து: அண்ணன், 6 வோல்ற் ஹொண்டா சாலி. கரண்ட் மிச்சமாகட்டும் என்று எல்லா பல்பையும் எல்.ஈ.டி ஆக்கினேன். இப்ப பற்றரி கொதிச்சு அசிட் வழியுது. பாலம் தாண்டிப் போய்வந்தால் சீற்றுக்குக் கீழே மணம் தாங்க முடியல்ல.

நானா, மிச்சமான கரண்ட்தான் பிரச்சினை. அந்தக் காலத்துச் சின்ன 6 வோல்ற் பைக்குகள் பலதில் ரெகுலேற்றரே கிடையாது. மக்னெட் கொயிலில் வருவது, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற ஒரு டயோட்டுக்குள்ளால் நேரே பற்றரிக்குப் போகும். பல்புகள் எத்தனை வாற் தின்னும் என்று கணக்குப்போட்டுத்தான் கொயிலே சுற்றியிருக்கிறாங்கள். தின்னுற ஆட்களைக் குறைத்தீங்கள், சமைத்த சோறு முழுக்கப் பற்றரியின் தலையில்!

ஓட்டத்தில் அளந்து பாருங்கோ, 8 தாண்டினால் சந்தேகமே இல்லை. வழி இரண்டு. பழைய வாற்றிலேயே பழைய பல்புகளைத் திரும்பப் போடலாம். இல்லையென்றால் 6 வோல்ற்றுக்கென்றே செய்த ரெகுலேற்றர்-றெக்ரிஃபையர் (ஏசியை டிசி ஆக்கி வோல்ற்றையும் கட்டுப்படுத்துறது) ஒன்று பூட்டி எல்.ஈ.டியை வைத்திருக்கலாம். 12 வோல்ற்றுக்கான ரெகுலேற்றரை அதில் மாட்டி ஒரு பிரயோசனமும் இல்லை, அது தடுக்கத் தொடங்க முதலே பற்றரி போயிடும். வழிந்த அசிட்டை அப்பச்சோடா கரைத்த தண்ணியால் கழுவுங்கோ, விட்டால் கறள் பிறேமைத் தின்றுவிடும். செல்லில் தண்ணி குறைந்திருந்தால் பற்றரித் தண்ணி மட்டும் விடுங்கோ. கிணற்றுத் தண்ணியும் வேண்டாம், புது அசிட்டும் வேண்டாம்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து: ஐயா, தாத்தா வைத்திருந்த பி.எஸ்.ஏ எம் 20. லூக்காஸ் டைனமோ. அம்பியர் மீற்றர் எப்பவும் மைனஸ் பக்கம்தான்.

ஆகா! போர்க்காலத்தில் பிரித்தானியப் படை ஓடின வண்டி. 1957 வரைக்கும் கடற்படைத்தளம் அவர்களிடம் இருந்த ஊர் இந்தத் திருகோணமலை, இன்னும் எந்தக் கொட்டிலில் என்ன கிடக்குதோ.

முதலில் டைனமோவைத் தனியாகச் சோதியுங்கோ. டி (கரண்ட் வெளியில் வாறது), எஃப் (காந்தக் கொயிலுக்குப் போறது) என்ற இரண்டு வயரையும் டைனமோவிலிருந்து கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கோ. மீற்றரின் ஒரு முனை அந்த இணைப்பில், மற்றது எஞ்சின் உடம்பில். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மெல்ல வேகத்தைக் கூட்டினால் 6 வோல்ற்றைச் சட்டென்று தாண்டவேணும். 10க்கு மேல் விடாதீங்கோ, கொயில் எரியும். தாண்டினால் டைனமோ நல்லம், குற்றம் ரெகுலேற்றர் பெட்டியிலோ வயரிலோ. ஏறாவிட்டால் காபன் பிரஷ் தேய்ந்திருக்கோ, அது உரசுற செம்பு வளையமான கொமியூற்றேற்றர் கறுத்திருக்கோ என்று பாருங்கோ.

பல வருசம் கிடந்த டைனமோவில் மிச்சமிருக்கிற காந்தமும் போயிருக்கலாம். பற்றரியின் எர்த் பக்கம் பிறேமில் இருக்க, மற்றப் பக்கத்திலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கோ, சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். இதைச் செய்ய முதல் பைக்கில் எர்த் பொசிற்றிவ்வோ நெகற்றிவ்வோ என்று உறுதியாகப் பாருங்கோ. பிரித்தானிய பைக் எல்லாம் பொசிற்றிவ் எர்த் என்று ஆட்கள் அடித்துச் சொல்வாங்கள். அந்தக் கதையை நம்பிப் பற்றரியை மாற்றிப் பூட்டினால் வேலை இரட்டிப்பாகும்.

சீனக்குடாவிலிருந்து: எஞ்சின் ஓடேக்க பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி கராஜில் சொன்னாங்கள். எஞ்சின் நின்றுபோனால் சார்ஜ் இல்லையாம்.

செய்யவே வேண்டாம். பற்றரி இல்லாமல் வோல்ற் எகிறும், பல்பும் ரெகுலேற்றரும் சேர்ந்து போகும்.

சாம்பல்தீவிலிருந்து: அப்பாவின் பைக், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியில் எடுக்கிறது. ஓடேக்க 14.2 இருக்கு. ஆனால் ஒவ்வொரு முறையும் பற்றரி இறங்கிக் கிடக்குது.

சார்ஜிங் சரி தங்கச்சி, எங்கேயோ ஒழுகுது. சாவியை அணைத்துவிட்டு பற்றரி நெகற்றிவ் வயரைக் கழற்றி, மீற்றரை அம்பியரில் வைத்து வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் போடுங்கோ. மணிக்கூடோ அலாமோ இல்லாத பழைய பைக்கில் பூச்சியம்தான் வரவேணும். ஏதாவது காட்டினால் றெக்ரிஃபையரின் கனெக்டரைக் கழற்றுங்கோ. பூச்சியமானால் அதுக்குள்ளே ஒரு டயோட் ஒழுகுது என்று அர்த்தம். மீற்றர் நடுவில் இருக்கேக்க சாவியைத் திருப்பிடாதீங்கோ, மீற்றர் பியூஸ் போகும்.

ஒழுக்கு இல்லையென்றால் பற்றரியே கிழடு. வீட்டில் சார்ஜ் போடுறதென்றால் பற்றரி அளவில் பத்தில் ஒரு பங்கு. 4 அம்பியர்-மணி பற்றரிக்கு 0.4 அம்பியர். கார் சார்ஜரைக் கொழுவாதீங்கோ.

தம்பலகாமத்திலிருந்து: கடையில் இருக்கிற மலிவு மீற்றர் போதுமோ அண்ணா?

தாராளம். டயோட் சோதனையும் 10 அம்பியர் துவாரமும் இருக்கோ என்று மட்டும் பார்த்து வாங்குங்கோ. நல்ல டயோட் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், முனையை மாற்றினால் ஒன்றும் காட்டாது. மீற்றருக்குள் இருக்கிற பற்றரி இறங்கினால் அளவு கூடக் காட்டும், அதையும் நேரத்துக்கு மாற்றுங்கோ.