பார்வையற்ற மாணவனுக்கு மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே கணக்கு நடத்துவது எப்படி?

உங்கள் எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் சேர்ந்திருக்கிறான், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர். சில வருடங்களுக்கு முன் என் வகுப்புக்கும் ஒருவன் வந்தான். முதல் மாதம் அவனை முன் பெஞ்சில் உட்கார வைத்து, "நீ கேட்டுக்கிட்டு இரு தம்பி" என்று விட்டுவிட்டேன். பெரிய சலுகை காட்டியதாக நினைப்பு.

ஒருநாள் பலகையில் கணக்கு போட்டபடியே, "இதை இந்தப் பக்கம் கொண்டுவந்தா இது என்ன ஆகும்?" என்றேன். அவன் மெதுவாக, "எது சார்?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

முதலில் மாற வேண்டியது நம் பேச்சுதான். எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ஏ பிளஸ் பி ஸ்கொயர்' என்றால் வர்க்கம் பி-க்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? அடைப்புக்குறியைப் பார்க்கிறவனுக்குச் சிக்கலில்லை. இவனுக்கு 'ஏ பிளஸ் பி' என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, 'ஹோல் ஸ்கொயர்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆரம்பித்ததும், கண் தெரிந்தும் அதில் தடுமாறிக்கொண்டிருந்த நாலைந்து பேருக்கும் சேர்த்தே தெளிந்தது.

அவன் விரலால் தடவியே கணக்கு போட டெய்லர் பிரேம் என்ற துளைப் பலகை உண்டு. எண்கோணத் துளைகளில் செருகும் சின்ன உலோகக் கட்டைகள். ஒரு முனையில் மேடான கோடு, மறுமுனையில் இரண்டு புள்ளி. எந்த முனை மேலே, எந்தத் திசையில் என்பதை வைத்து எண்ணும் குறியும் மாறும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், பெரிய வித்தை இல்லை.

வடிவியலுக்கு அட்டையில் ஈர்க்குச்சியும் பசையும் போதும். நான் ஒட்டிய முக்கோணத்தைத் தடவிவிட்டு, "சார், இந்த மூலையில குச்சி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு" என்றான். நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை வைத்தே வெளிக்கோணம் நடத்தினேன்.

துணைக்கு ஒரே பிள்ளையை வருடம் முழுக்க உட்கார வைக்காதீர்கள், காவல்காரன் மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருவர் மாறட்டும்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கும். ஆனால் அடுத்தவர் கையால் கணக்கு போடவைப்பது தனிப் பழக்கம். எந்த வரி, எந்த அடி, எங்கே அடைப்புக்குறி என்று எல்லாம் அவனே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல், இந்த மாதத் தேர்விலேயே ஆரம்பித்துவிடுங்கள்.